மதில் இருந்தால் போதுமா?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? கோமுகி அணைப் பக்கத்தைக் கடந்ததும் சாலை வளைந்து வளைந்து மேலேறும். சற்று நேரத்தில் கைப்பேசியின் மூலையிலுள்ள கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். ஒரு திருப்பத்தில் அவை அடியோடு மறையும். மறு திருப்பத்தில் இரண்டு கோடுகள் திரும்பி வரும். கல்வராயன் மலையில் இணையம் என்பது வந்து போகும் விருந்தாளி.

அந்த மலையில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக ஓர் அறையில் சிறிய அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணிப்பொறி, தலைவி, செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரிடமும் மூன்று கைப்பேசிகள், சுவரில் ஒரு வைஃபை ரூட்டர். முன்பு கடன் கணக்கு நீள நோட்டில் இருந்தது. நோட்டு ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டியின் சாவி செயலாளரின் இடுப்பில் இருந்தது. இப்போது அதே கணக்கு கணிப்பொறியில் ஒரு குறிப்பாக இருக்கிறது. மூவரும் தத்தம் கைப்பேசியிலிருந்தே அதைப் பார்க்கலாம், எழுதலாம், திருத்தலாம். வெளி இணையம் அறுந்து போனாலும் இந்த ஏற்பாடு நிற்காது. ஏனெனில் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் இடையே செய்தியைக் கொண்டு செல்ல ரூட்டரின் ரேடியோ அலையே போதும். மலைப்பகுதிக்கு இது மிகவும் ஏற்ற முறை என்பதில் ஐயமில்லை.

இதைப் பார்த்த எவரும் ஒன்று சொல்வார்: "இது நம்ம ரூமுக்குள்ளயேதானே சுத்துது? வெளிய போகாதே. அப்புறம் என்ன பயம்?"

இந்தக் கூற்றில் பாதி உண்மை. மறுபாதி எங்கே தவறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம். அதற்கு முன், அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். யார் எவ்வளவு கடன் வாங்கினார், எதற்காக வாங்கினார், எத்தனை தவணை தவறினார் என்பதெல்லாம் அதில் உண்டு. கணவனின் சிகிச்சைக்கு என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். என்ன நோய் என்றும் சொல்லியிருப்பாள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த நச்சுச் சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய ஊரில் குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்கு வருபவரின் பெயரை ஒரு நலப் பணியாளர் குறித்து வைக்கிறார் என்றால், அந்தப் பட்டியல் தெருவுக்கு வந்த மறுநாள் சிகிச்சைக்கு யாரும் வரமாட்டார்கள்.

மதிலும் அதன் வேலையும்

உங்கள் வீட்டு ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். இணையத்தின் நெறிமுறைகளை வகுப்போர் 1996-ல் வெளியிட்ட ஓர் ஆவணத்தில், இத்தகைய சில எண் தொகுதிகளைத் தனியார் உபயோகத்துக்கென்றே ஒதுக்கி வைத்தனர். ஆகவே உங்கள் கணிப்பொறியின் எண் 192.168.1.5 என்றால், அதே எண் சின்னசேலத்தில் ஒரு மருந்துக்கடையிலும், சங்கராபுரத்தில் ஓர் அச்சகத்திலும், சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டிலும் இருக்கலாம். 'இரண்டாம் எண் அறை' என்பது எல்லா விடுதியிலும் இருப்பதைப் போன்றதே இது. வெறுமனே 'இரண்டாம் எண் அறை' என்று எழுதித் தபால் போட்டால் அது எங்கே போய்ச் சேரும்?

உள்ளிருந்து ஒரு செய்தி வெளியே போகும்போது ரூட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதுகிறது. யாருக்காக அனுப்பினோம் என்பதைத் தன் நினைவில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தால், அதற்குரிய குறிப்பு ரூட்டரிடம் இல்லை. எனவே அது தள்ளப்படுகிறது. இதுதான் மதில். இந்த மதில் மெய்யானதுதான். (இப்போது பரவிவரும் ஆறாம் பதிப்பு முகவரி முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகளாவிய முகவரியே கிடைத்துவிடும். அங்கே மதிலாக நிற்பது ரூட்டரிலுள்ள ஃபயர்வால் மட்டுமே. அது அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.)

ஆனால் மதில் வெளியாரைத்தான் தடுக்கும். மதிலுக்குள் யார் யார் இருக்கிறார்கள்? மூன்று கைப்பேசிகள் மட்டுமா? வந்த விருந்தாளி வைஃபை கேட்டார், கொடுத்தோம். சுவரில் மாட்டிய காமிரா இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. பழுது பார்க்க வந்தவரின் மடிக்கணினி ஒருநாள் இணைந்தது. எதிர்க்கடைப் பையனுக்குக் கடவுச்சொல் எப்படியோ தெரியும். நம் ஊர் வீட்டில் திண்ணை வேறு, கூடம் வேறு, உள்ளறை வேறு. வருகிறவரின் உறவைப் பொறுத்து அவர் எதுவரை வரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். வைஃபை வலையிலோ திண்ணையும் உள்ளறையும் ஒன்றே. உள்ளே வந்தவர் எல்லோரும் கூடத்தின் நடுவில் நிற்கிறார்கள்.

கூடத்தில் என்ன கேட்கும்?

வைஃபை என்பது ரேடியோ. உங்கள் கைப்பேசி கணிப்பொறியிடம் பேசுவதை, எட்டும் தூரத்திலுள்ள எந்தக் கருவியும் கேட்க முடியும். இதைத் தடுக்கத்தான் கடவுச்சொல்லிலிருந்து ஒரு திறவுகோல் உண்டாக்கி, செய்தியைப் புரியாத எழுத்துக்கூட்டமாக மாற்றி அனுப்புகிறார்கள். இம்முறைக்கு மறையாக்கம் என்று பெயர். 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறைதான் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் உண்டு என்பது சரியே. ஆனால் அந்தத் தனித் திறவுகோல் எதிலிருந்து பிறக்கிறது தெரியுமா? எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லிலிருந்தும், கருவி இணையும் கணத்தில் காற்றில் வெளிப்படையாகப் பரிமாறப்படும் சில எண்களிலிருந்தும்! ஆகவே கடவுச்சொல் தெரிந்த ஒருவர், நீங்கள் இணையும் அந்தக் கணத்தைப் பதிவு செய்துவிட்டால், உங்கள் திறவுகோலைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2018-ல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இந்தக் குறையை நீக்குகிறது. உங்கள் ரூட்டரில் அந்த வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அதோடு தீர்ந்ததா? இல்லை. வலைக்குள் ஒரு கருவி மற்றொன்றைத் தேடும் முறையே வேடிக்கையானது. 1982-ல் வகுக்கப்பட்ட நெறிமுறை அது. தெருவுக்குப் புதிதாய் வந்த தபால்காரர் தெரு முனையில் நின்று, "இங்க முருகேசன் யாருங்க?" என்று உரக்கக் கேட்கிறார். யார் "நான்தான்" என்று கையைத் தூக்குகிறாரோ அவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அடையாளம் எதுவும் கேட்பதில்லை. உங்கள் கைப்பேசியும் அப்படியே "192.168.1.5 யார்?" என்று கேட்கிறது. வேறொரு கருவி முந்திக்கொண்டு "நான்தான்" என்றால் அதையும் நம்பிவிடுகிறது. ஒருவரையொருவர் அறிந்த சிலர் மட்டும் வலையில் இருந்த காலத்தில் எழுதிய விதி. பொய் சொல்ல ஆள் வருவான் என்று அன்று யாரும் பெரிதாகக் கருதவில்லை போலும். அந்தப் பொய்யன் கடிதத்தைப் படித்துவிட்டு உரியவரிடமே சேர்த்தும் விடுவான். ஆகவே நமக்கு ஐயமே எழாது.

ஒரு திங்கட்கிழமை

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாக்ரை' என்ற தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலருக்கு ஈடான பிட்காயின் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் சிக்கின. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் பல நிலைகுலைந்தன. அது தொலைதூரக் கதை என்று நம்மவர் இருந்தபோது, திங்களன்று கேரளத்தில் அலுவலகங்கள் திறந்தன. வயநாடு மலை மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும், பத்தனம்திட்டை மாவட்டத்தில் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணிப்பொறிகளைப் போட்டவர்கள் அதே எழுத்துகளைக் கண்டனர். வெள்ளிமலையைப் போன்ற இடங்களிலுள்ள சிறிய அலுவலகங்கள்தாம் அவையும்.

அந்த நிரல் பரவிய வழியே நமக்கு முக்கியம். விண்டோஸ் கணிப்பொறிகள் ஒன்றின் கோப்பை மற்றொன்று பார்க்க உதவும் பொதுப் பகிர்வுச் சேவையில் இருந்த ஓட்டை வழியாகவே அது தாவியது. நாம் கோப்புறையை வலத்தட்டில் தட்டி 'பகிர்' என்கிறோமே, அதே சேவைதான். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு கணிப்பொறி உள்ளே சிக்கினால் போதும். மதிலுக்குள்ளிருந்த மற்றவை தாமாகவே வீழ்ந்தன. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-லேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அதை ஏற்றாமல் இருந்தவர்களே அகப்பட்டனர். கணிப்பொறி 'புதுப்பிக்கட்டுமா?' என்று கேட்கும்போது 'பிறகு' என்பதை அழுத்துகிறோமே, அந்தப் 'பிறகு'வின் விலை இது.

இதற்கு மறுபக்கமாக நம் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த ஒரு கணிப்பொறியில் தீநிரல் கண்டுபிடிக்கப்பட்டது. அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் இதை ஒப்புக்கொண்டது. அந்தக் கணிப்பொறி இணையத்தோடு இணைந்திருந்தது. ஆனால் முக்கிய உள்வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் கூறியது. திண்ணையையும் உள்ளறையையும் பிரித்து வைத்ததன் பயன் இது. இதே வசதி சிறிய அளவில் உங்கள் ரூட்டரிலும் பெரும்பாலும் உண்டு: 'விருந்தினர் வலை' என்பது அதன் பெயர். விருந்தாளி, காமிரா, தொலைக்காட்சி எல்லாவற்றையும் அதில் விட்டுவிட்டு, குறிப்பு இருக்கும் கணிப்பொறியையும் மூன்று கைப்பேசிகளையும் மட்டும் முதன்மை வலையில் வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

பெட்டிக்குள் வைத்தல்

மதிலை எவ்வளவு உயர்த்தினாலும், பாட்டி நகையைக் கூடத்தில் பரப்பி வைக்கவில்லை. பெட்டியில் பூட்டித்தான் வைத்தாள். குறிப்பையும் அப்படியே பூட்ட வேண்டும். பூட்டும் இடங்கள் இரண்டு.

ஒன்று, வழியில். உலாவியில் முகவரிக்கு முன் எச்.டி.டி.பி.எஸ். என்று கடைசியில் 'எஸ்' சேர்ந்து வந்தால், அந்த உரையாடல் பூட்டப்பட்டிருக்கிறது. இடையில் பொய்க் கை தூக்கியவனுக்குப் புரியாத எழுத்துகளே கிடைக்கும். ஆனால் வீட்டு வலையில் இதற்கு ஓர் இடர் உண்டு. இணையத்தளங்களுக்கு 'இவர் இன்னார்தான்' என்று சான்றிதழ் தரும் நிறுவனங்கள் 192.168.1.5 என்ற எண்ணுக்குத் தருவதில்லை. சின்னசேலத்து மருந்துக்கடையும் அதே எண்ணை வைத்திருக்கும்போது எவருக்கென்று கொடுப்பது? ஆகவே உலாவி எச்சரிக்கை காட்டும். நாம் 'பரவாயில்லை' என்று தட்டித் தட்டிப் பழகிவிடுவோம். மெய்யாகவே ஒருவன் இடையில் புகுந்த நாளிலும் அதே எச்சரிக்கைதான் வரும், அன்றும் தட்டிவிடுவோம். இதற்கு வழி, நாமே ஒரு சான்றிதழ் உண்டாக்கி மூன்று கைப்பேசிகளிலும் முன்கூட்டியே பதித்து வைப்பது. அதன் பிறகு எச்சரிக்கை வந்தால் அது உண்மையான எச்சரிக்கை.

இரண்டு, குறிப்பையே பூட்டுவது. கைப்பேசியை விட்டுக் கிளம்பும் முன்பே குறிப்பு பூட்டப்பட்டுவிடும். கணிப்பொறியில் தங்குவது பூட்டிய பொருள் மட்டுமே. கணிப்பொறி களவு போனாலும், பழுது பார்க்கச் சென்றாலும், வலையில் யார் ஒட்டுக் கேட்டாலும் கவலையில்லை. பூட்டுவதற்கு வழக்கமாகப் பயன்படும் முறை ஏ.இ.எஸ். என்பது, பெல்ஜிய அறிஞர் இருவர் வகுத்தது, 2001-ல் அமெரிக்கா தரமாக ஏற்றது. ஸ்டாண்டர்ட் நோட்ஸ் போன்ற செயலிகளில் குறிப்பைப் பூட்டும் வசதி தொடக்கத்திலேயே இருக்கிறது. ஜாப்ளின் போன்றவற்றில் நாமே அமைப்புக்குள் சென்று அதை இயக்க வேண்டும். மறந்தால் பூட்டு இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். மூவர் பகிரும் குறிப்பு என்றால் திறவுகோல் மூவரிடமும் இருக்க வேண்டுமே? அதையும் அதே வைஃபையில் அனுப்பினால் ஒட்டுக் கேட்பவனுக்கும் கிடைத்துவிடாதா? 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கருத்து இந்த முடிச்சை அவிழ்த்தது. அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுகள் உண்டல்லவா? பூட்ட யாராலும் முடியும், திறக்கச் சாவி உடையவரால்தான் முடியும். மூவரும் தத்தம் திறந்த பூட்டுகளை ஊரறிய மேசை மேல் வைக்கட்டும்; சாவியை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளட்டும். குறிப்புப் பெட்டிக்கு ஒரு சாவி. அந்தச் சாவிக்கு மூன்று பிரதி எடுத்து, மூன்று சிறு டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரின் பூட்டால் பூட்டி அனுப்பிவிட்டால் தீர்ந்தது. கோயில் உண்டியலுக்கு இரண்டு மூன்று பூட்டுப் போட்டு எல்லோரும் கூடினால்தான் திறப்பார்களே, அது வேறு. இங்கே மூவரில் எவர் வேண்டுமானாலும் தனியாகத் திறக்கலாம். மற்றவரால் இயலாது. உலோகப் பூட்டுக்குப் பதில் இங்கே கணிதம்: ஒரு திசையில் எளிது, மறு திசையில் நடைமுறையில் இயலாதது. இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையிலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பது மிக அரிது. 1977-ல் பிறந்த ஆர்.எஸ்.ஏ. முறை இதன் மேல்தான் நிற்கிறது.

பெயர்ப்பலகையில் கடவுச்சொல்

இவ்வளவும் செய்துவிட்டுக் கடவுச்சொல்லில் கோட்டை விடுகிறோம். நம் பக்கத்தில் வைஃபை கடவுச்சொல் பெரும்பாலும் முதலாளியின் கைப்பேசி எண். அது கடைப் பெயர்ப்பலகையிலேயே பெரிதாக எழுதியிருக்கும்! பலகையைப் பார்க்காதவனுக்கும் அது கடினமன்று. இந்தியக் கைப்பேசி எண் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. ஆக மொத்தம் 400 கோடி எண்கள். டபிள்யூ.பி.ஏ.2 வலையில் ஒரு கருவி இணையும் கணத்தைப் பதிவு செய்துகொண்டவன், வீட்டில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். விளையாட்டுக்கென்று விற்கும் உயர்தர வரைகலை அட்டை ஒன்றே நொடிக்குப் பத்து லட்சம் சோதிக்கும். எல்லாவற்றையும் சோதிக்க 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல்!

மாற்று என்ன? ஐந்து பகடைகளை உருட்டினால் 7,776 விதமாக விழும். 7,776 சொற்கள் கொண்ட எண்ணிட்ட பட்டியலிலிருந்து, விழுந்த எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். (நம் தாயக்கட்டை உதவாது, அதற்கு நான்கே பக்கம்.) இப்படி ஆறு முறை உருட்டி ஆறு சொல் எடுத்தால், வாய்ப்புகளின் எண்ணிக்கை 22 எழுதி அதன் பின் 22 சுழிகள் போட்டால் வருவதற்கு ஏறத்தாழச் சமம். நொடிக்கு ஒரு லட்சம் கோடி வீதம் சோதித்தாலும் முடிக்க ஏழாயிரம் ஆண்டு ஆகும். 'முறம் கடுக்காய் ரயில் தும்பை சாமை கதவு' என்பது போல அமையும். கண்ணை மூடிக் கதை கட்டினால் நினைவில் நிற்கும். ஆனால் நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பகடைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். மனித மனம் ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தையும் பிள்ளை பெயரையுமே சுற்றும். வைஃபை கடவுச்சொல் தமிழெழுத்தை ஏற்காது. எனவே சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 63 எழுத்துகள் வரை இடம் உண்டு.

குறிப்பைப் பூட்டும் கடவுச்சொல்லுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதை மறந்தால் செயலி நிறுவனத்தாராலும் திறந்து தர இயலாது. மூன்று ஆண்டுக் கணக்கு முழுவதும் போய்விடும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள். எங்கே வைப்பது என்பது தெரியுமே? பழைய ட்ரங்குப் பெட்டி இன்னும் இருக்கிறதல்லவா!

பூட்டாலும் ஆகாத சில உண்டு. குறிப்பு எத்தனை மணிக்குத் திருத்தப்பட்டது, எவ்வளவு பெரிது என்பன பல சமயம் வெளியே தெரியும். பூட்டில்லாத கைப்பேசியைப் பிள்ளை விளையாடக் கேட்டால், கணிதமெல்லாம் அங்கே முடிந்தது. எல்லாவற்றிலும் கடினமானது, ஒருவர் விலகும் நாள். பொருளாளர் மாறிவிட்டார் என்றால், பெட்டிக்குப் புதுச் சாவி செய்து மற்றவர்க்கு மட்டும் டப்பாக்களில் அனுப்ப வேண்டும். வைஃபை கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். இனி எழுதுவதை அவர் காணமுடியாது. ஆனால் அதுவரை படித்தது அவர் மனத்தில் இருக்கிறது; ஒருவேளை அவர் கைப்பேசியிலும் இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கும் பூட்டு இல்லை. ஆகவேதான், 'கணவனுக்கு இன்ன நோய்' என்பதைக் குறிப்பில் எழுதத்தான் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. 'மருத்துவச் செலவு' என்று எழுதினாலே கணக்கு சரியாகிவிடும்.

இன்றிரவு நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்கள் ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் நிர்வாகப் பக்கத்தின் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை உலாவியில் இட்டு உள்ளே சென்று, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றாக இது அம்மாவுடையது, இது தம்பியுடையது, இது தொலைக்காட்சி என்று கழித்து வாருங்கள். கடைசியில் யாருடையதென்று தெரியாத ஒன்றிரண்டு மிஞ்சினால், கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். மறுநாள் காலையில் யார் வந்து, "என்னாங்க, நெட்டு வரலயே?" என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள்.